அமிர்தாஞ்சன் தந்த நாகேஸ்வர ராவ்: வைத்தியம் படிக்காத வணிகர் ஒருவரின் மருந்து வாழ்க்கை

கேள்வி: வைத்தியப் பரம்பரையில் பிறக்காமல், மருத்துவமும் படிக்காமல், வியாபாரத்தில் இருந்த ஒருவர் மூலிகை மருந்துத் தயாரிப்பில் இறங்கி நிலைத்து நின்ற உதாரணம் நம் பக்கத்தில் உண்டா? அவருடைய வாழ்க்கை எப்படி அமைந்தது? இன்று ஒருவர் அதே வழியில் போக முடியுமா?

பதில்: உண்டு. காசிநாதுனி நாகேஸ்வர ராவைத்தான் நான் முதலில் சொல்வேன். சென்னைவாசிகளுக்கு அவர் பெயர் மயிலாப்பூர் லஸ் பகுதியிலுள்ள பூங்காவின் பெயராகத் தெரியும். ஆந்திரத்தில் அவரைப் பத்திரிகையாளர், விடுதலைப் போராட்டக்காரர், வள்ளல் என்று கொண்டாடுவார்கள். அமிர்தாஞ்சன் தைலத்தை உருவாக்கி விற்றவர் அவர்தான் என்பது இந்தப் பெருமைகளுக்கு நடுவே பின்னுக்குப் போய்விடுகிறது. மற்ற எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்தது அந்தத் தைலம்தான்.

இந்திய மருந்துத் தொழிலின் முன்னோடிகளில் பலர் வைத்தியர்கள். 1884-இல் கல்கத்தாவில் டாபரைத் தொடங்கிய எஸ்.கே. பர்மன் ஒரு மருத்துவர். 1902-இல் கோட்டக்கல் ஆரிய வைத்தியசாலையை நிறுவிய பி.எஸ். வாரியர் முறைப்படி ஆயுர்வேதம் பயின்றவர். அவர்களிடம் நோயாளிகள் முதலில் வந்தார்கள், மருந்துச் சாலை பிறகு வந்தது. நாகேஸ்வர ராவுக்கு நோயாளிகளே கிடையாது. அவரிடம் இருந்தது வணிக அனுபவமும் ஒரு கலைப் பட்டமும்தான். உங்கள் கேள்விக்கு அவர் மிகப் பொருத்தமானவர் என்று நான் நினைப்பதற்குக் காரணம் அதுதான்.

1867-இல் கிருஷ்ணா மாவட்டத்தில் பிறந்தார். மசூலிப்பட்டினத்தில் படித்துவிட்டு, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1891-இல் பட்டம் பெற்றார். அந்தத் தலைமுறைத் தெலுங்கு இளைஞர்கள் பலரைப் போல அவரும் தெலுங்கு எழுத்தாளரும் சமூகச் சீர்திருத்தவாதியுமான கந்துகூரி வீரேசலிங்கத்தின் எழுத்துகளால் ஈர்க்கப்பட்டவர். பட்டதாரிக்கு அரசு உத்தியோகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த காலம் அது. அவர் அந்தப் பக்கம் போகவில்லை. சென்னையில் சிறிது காலம் வியாபாரம், பிறகு கல்கத்தாவில் மருந்து வணிகத்தில் சிறிது காலம் வேலை, அதன் பின் பம்பாய். பம்பாயில் ஒரு வணிக அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, உயர்ந்து, கடைசியில் அதன் உரிமையாளராகவே ஆனார். 1893-இல் அமிர்தாஞ்சனைத் தொடங்கும்போது அவருக்கு வயது 26.

கல்கத்தா நாட்களைப் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. மருந்து வணிகத்தில் நிற்கிறவனுக்கு வைத்தியனுக்குத் தெரியாத சில விஷயங்கள் தெரியவரும். எந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது, எது சீக்கிரம் கெடும், எந்த வியாதிக்கு மக்கள் வைத்தியரிடம் போகாமல் நேரே கடைக்கு வந்து கேட்கிறார்கள் என்பதெல்லாம் கடை வாசலில்தான் புலப்படும். தலைவலி, சளி, மூக்கடைப்பு, உடம்பு வலி ஆகியவை இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவை. யாரும் இவற்றுக்காக நாடி பார்க்கச் சொல்வதில்லை.

அடுத்து, தைலம் என்ற வடிவம் ஏன் அந்தக் காலத்தில் பிறந்தது என்பதைப் பார்க்க வேண்டும். இத்தகைய வலித் தைலங்களின் அடிப்படைச் சரக்குகள் புதினாவிலிருந்து எடுக்கும் மெந்தால், கற்பூரம், நீலகிரித் தைலம், விண்டர்கிரீன் எண்ணெய் ஆகியவை. நாட்டு மருந்துக் கடைகளில் மெந்தாலைப் புதினா உப்பு என்பார்கள். இவை எல்லாமே தாவரத்திலிருந்து வருபவை, எல்லாமே மனிதர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் இவை நான்கும் ஒரே துறைமுகத்தில் மொத்தமாகக் கிடைக்கத் தொடங்கின. மெந்தால் படிகத்தின் பெரும் உற்பத்தியாளர் அப்போது ஜப்பான். கற்பூரம் ஜப்பானிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்தது. யூகலிப்டஸ் மரம் 1843-இல் ஊட்டிக்கு வந்து, மலைச்சரிவுகளில் பரவி, அதன் இலையைக் காய்ச்சித் தைலம் இறக்குவது நீலகிரியில் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. விண்டர்கிரீன் எண்ணெய் தரும் செடியும் நீலகிரியில் இயல்பாக வளர்கிறது. இத்தகைய சரக்குகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மெழுகுத்தன்மையுள்ள அடிப்பொருளான வாசலினுக்கு ராபர்ட் செஸ்பரோ அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1872-இல். விலங்குக் கொழுப்பையும் நெய்யையும் போல அது ஊசிப்போகாது. மாதக்கணக்கில் கடை அலமாரியில் இருந்தாலும் நாறாத களிம்பு ஒன்றை ஒரு வணிகன் நினைத்துப் பார்க்க முடிந்ததே இதற்குப் பிறகுதான்.

ஆகவே நாகேஸ்வர ராவ் புது மூலிகை எதையும் கண்டுபிடித்தவர் அல்லர். அப்படிச் சொல்வது அவர் பெருமையைக் குறைப்பதாகாது. தெரிந்த சரக்குகளை ஓர் அளவில் நிறுத்தி, அந்த அளவு ஒவ்வொரு சீசாவிலும் மாறாமல் இருக்கச் செய்வது தனிக் கடினம். மெந்தால் படிகத்தையும் கற்பூரத்தையும் கல்வத்தில் சேர்த்து அரைத்துப் பாருங்கள். இரண்டும் திடப்பொருள்கள். தீயே இல்லாமல் சில நிமிடங்களில் உருகி எண்ணெய் போல ஆகிவிடும். இந்தக் கலவையைக் களிம்பாக நிறுத்த வேண்டுமானால் மெழுகின் அளவு சரியாக இருக்க வேண்டும். மெழுகு குறைந்தால் கோடையில் களிம்பு ஓடிவிடும், கூடினால் மார்கழியில் விரலுக்கு வராது. வாசனைச் சரக்குகள் ஆவியாகிப் பறக்கக்கூடியவை என்பதால் அதிகச் சூட்டில் கலந்தால் வீரியம் போய்விடும், மூடி சரியில்லை என்றாலும் போய்விடும். வைத்தியர் ஒரு நோயாளிக்காக அன்று அரைத்துக் கொடுக்கும் மருந்துக்கு இந்தத் தொல்லைகள் பெரிதாக இல்லை. பம்பாயில் அடைத்து ரயிலேற்றி ராஜமுந்திரியில் திறக்கப்படும் சீசாவுக்கு இவைதான் எல்லாம்.

அவர் எடுத்த முடிவுகளில் நான் மிகவும் மதிப்பது அவர் தேர்ந்தெடுத்த உபாதை. வைத்தியம் தெரியாத ஒருவர் மருந்து விற்பதில் ஓர் அறம் சார்ந்த சிக்கல் இருக்கிறது. வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது என்றால், பலன் உண்டா இல்லையா என்பதை யார் தீர்மானிப்பது? நீரிழிவுக்கு என்று ஒரு சூரணத்தை விற்றால், அது வேலை செய்யவில்லை என்பது வாங்கியவருக்கு ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும், அதற்குள் உடம்பு கெட்டிருக்கும். தலைவலித் தைலம் அப்படியல்ல. நெற்றியில் தடவிய சில நிமிடங்களில் தடவியவரே தீர்ப்புச் சொல்லிவிடுவார். பலன் இல்லை என்றால் அடுத்த சீசா விற்காது. வாங்குபவரே சோதித்துப் பார்த்துவிடக்கூடிய மருந்தை மட்டும் விற்பது, மருத்துவம் படிக்காத வணிகனுக்கு இருக்கக்கூடிய மிக நேர்மையான இடம்.

இசைக் கச்சேரிகளில் தைலத்தை இலவசமாகக் கொடுத்து அவர் அதைப் பரப்பினார் என்ற செய்தியை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விளம்பரத் தந்திரம் என்று இதைப் பலர் சொல்வதுண்டு. தந்திரம் என்றாலும், உடனே பலன் தெரியும் பொருளுக்கு மட்டுமே செல்லுபடியாகும் தந்திரம் அது. அரங்கில் உட்கார்ந்து தடவிக்கொண்டவர் வீட்டுக்குப் போகும் முன்பே வாடிக்கையாளராகிவிடுவார். வெளியூர்க்காரர்களுக்குத் தபால் துறை இருந்தது. பொருளைக் கொடுத்துப் பணத்தை வாங்கும் வி.பி.பி. முறை இந்தியாவில் 1877-லேயே தொடங்கியிருந்தது. அந்தக் காலப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களை மருந்துகள் நிறைத்ததற்கு இந்த முறையும் ஒரு முக்கியக் காரணம்.

இந்தத் தைலங்கள் உண்மையில் என்ன செய்கின்றன என்று கேட்பீர்கள். மெந்தால் தோலைக் குளிர்விப்பதில்லை. குளிரை உணரும் நரம்பு முனைகளில் உள்ள ஒரு புரதத்தைத் தூண்டி, குளிர்ச்சி வந்ததாக மூளைக்குச் செய்தி அனுப்ப வைக்கிறது. டிஆர்பிஎம்8 என்ற அந்தப் புரதத்தை 2002-இல் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் தனித்தனியே அடையாளம் கண்டார்கள். வெப்பத்தையும் தொடுதலையும் உடல் எப்படி உணர்கிறது என்பதைக் காட்டிய ஆய்வுகளுக்காக இருவரும் 2021-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தக் குளிர்ச்சிச் செய்தி வலிச் செய்தியை மட்டுப்படுத்துகிறது. மூக்கடைப்பிலும் இதே கதைதான்: மெந்தால் மூக்கைத் திறப்பதில்லை, திறந்தது போன்ற உணர்வைத் தருகிறது, அது தூங்குவதற்குப் போதுமானதாக இருக்கிறது. விண்டர்கிரீன் எண்ணெயில் உள்ள மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினின் உறவுக்காரப் பொருள். ஆக, தைலம் தருவது நிவாரணம். நோயை அது தீர்ப்பதில்லை.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூலிகை என்றாலே பக்கவிளைவு இல்லை என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. கலப்பில்லாத விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டி வயிற்றுக்குள் போனால், அது இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளை விழுங்கியதற்குச் சமம். குழந்தையின் உயிரையே எடுத்துவிடும். கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பு வரும். கைக்குழந்தைகளின் மூக்கருகே இத்தகைய தைலங்களைத் தடவவே கூடாது. செடியிலிருந்து வந்தது என்பது பாதுகாப்புக்குச் சான்றிதழ் ஆகாது.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு குடும்பம் இதே தொழிலுக்குள் எதிர்த் திசையிலிருந்து நுழைந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரில் ஐசக் பிங்கம் நிலங்களை வாங்கி விற்கும் தொழிலில் இருந்தார். 1873-இன் நிதி நெருக்கடியில் எல்லாம் போயிற்று. அவர் மனைவி லிடியா பிங்கம் அதுவரை அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு இலவசமாகக் காய்ச்சிக் கொடுத்துவந்த மூலிகைக் கஷாயத்தை, 1875-இல் பிள்ளைகளின் உதவியோடு விற்கத் தொடங்கினார். வெந்தயம் உட்பட ஐந்து மூலிகைகள், அவற்றைக் கெடாமல் வைக்க 18 சதவிகிதம் அளவுக்கு ஆல்கஹால். 1879-இல் லிடியாவின் முகம் விளம்பரத்தில் வந்தது. அமெரிக்காவில் மிக அதிகம் பேர் அறிந்த பெண் முகங்களில் ஒன்றாக அது ஆயிற்று. பெண்களின் உபாதைகள் அனைத்துக்கும் அது மருந்து என்று விளம்பரம் சொன்னது. ஆண் மருத்துவர்களிடம் சொல்ல முடியாததைத் தனக்குக் கடிதமாக எழுதும்படி அவர் பெண்களை அழைத்தார், ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்தன. அந்தப் பெண்களின் தேவை உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் லிடியா 1883-இல் இறந்த பிறகும் கடிதங்களுக்கு அவர் பெயராலேயே பதில் போய்க்கொண்டிருந்தது. 1905-இல் ஒரு பெண்கள் பத்திரிகை அவருடைய கல்லறைக் கல்லின் படத்தை அச்சிட்டு அதை அம்பலப்படுத்தியது. அடுத்த ஆண்டே வந்த அமெரிக்கச் சட்டம், மருந்தில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறது என்பதைச் சீட்டில் அச்சிட வைத்தது.

இரு குடும்பங்களுமே உழைத்தன, இரண்டுமே செல்வம் சேர்த்தன. ஆனால் பிங்கம் மருந்து எதையெல்லாம் தீர்ப்பதாகச் சொன்னதோ அதை வாங்கியவர் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. மருந்தின் பெயர் பெரிதாக வளர வளர அதன் வாக்குறுதியும் வளர்ந்துகொண்டே போனது. தலைவலித் தைலத்துக்கு அந்த ஆபத்து குறைவு.

தைலத்தில் வந்த பணத்தை நாகேஸ்வர ராவ் என்ன செய்தார் என்பது அவர் வாழ்க்கையின் இரண்டாம் பாதி. 1907 சூரத் காங்கிரஸ் மாநாட்டுக்குப் போனவர், தெலுங்கில் ஒரு வலுவான பத்திரிகை வேண்டும் என்ற எண்ணத்தோடு திரும்பினார். 1908-இல் பம்பாயிலிருந்தே ஆந்திரப் பத்திரிகை என்ற பெயரில் வார இதழ் வெளிவந்தது. 1914-இல் சென்னைக்கு வந்து அதை நாளிதழாக்கினார். அது முதல் உலகப் போர் தொடங்கிய ஆண்டு. செய்திக்கு மக்கள் ஏங்கிய நேரத்தில் தினமும் ஒரு தெலுங்குத் தாள் அவர்கள் கைக்குக் கிடைத்தது. 1924-இல் பாரதி என்ற இலக்கிய மாத இதழ், 1926-இல் ஆந்திர கிரந்தமாலை என்ற நூல் வெளியீடு. நூலக இயக்கத்துக்குக் கொடுத்தார், அரசியலுக்குக் கொடுத்தார். ஆந்திர மாகாணக் காங்கிரஸ் குழுவின் தலைவராக இருந்தார், உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றார். மக்கள் அவரைத் தேசோத்தாரகர், அதாவது நாட்டை உயர்த்தியவர், என்று அழைத்தார்கள், ஆந்திரப் பல்கலைக்கழகம் கலாபிரபூர்ணா பட்டம் அளித்தது. 1937 நவம்பரில் தனி ஆந்திர மாநிலம் குறித்துக் கடலோர ஆந்திரத் தலைவர்களும் உட்பகுதியான ராயலசீமையின் தலைவர்களும் கையெழுத்திட்ட ஸ்ரீபாக் ஒப்பந்தம் உருவானது, சென்னையில் ஸ்ரீபாக் என்ற அவர் வீட்டில்தான். 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது கர்நூல் தலைநகரானதும் உயர் நீதிமன்றம் குண்டூருக்குப் போனதும் அந்த ஒப்பந்தத்தின் நீட்சியே. ஒரு வலித் தைல வியாபாரியின் வரவேற்பறையில் ஒரு மாநிலத்தின் வடிவம் பேசப்பட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

தைலத்துக்கும் பத்திரிகைக்கும் உள்ள இந்த உறவு அவரோடு நிற்கவில்லை. ரங்கூனில் சீன மருந்துக் கடை நடத்திய ஒரு குடும்பத்தின் பிள்ளைகளான அவ் பூன் ஹாவும் அவருடைய தம்பி பூன் பாரும் டைகர் பாம் தைலத்தை ஆசியா முழுவதும் கொண்டுசென்றார்கள். சரக்குகளில் கற்பூரமும் மெந்தாலும் அங்கேயும் உண்டு. 1920-களில் சிங்கப்பூருக்கு இடம் மாறிய பிறகு, 1929-இல் அவ் பூன் ஹாவ் சின் சியூ ஜிட் போ என்ற சீன நாளிதழைத் தொடங்கினார். 1938-இல் ஹாங்காங்கில் சிங் தாவோ. ஒருவரையொருவர் பார்த்துச் செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். தொழிலின் இயல்பே அவர்களை அங்கே கொண்டுபோயிருக்க வேண்டும். தைலத்தின் உற்பத்திச் செலவு குறைவு, விற்பனை முழுக்க அறிமுகத்தை நம்பியது, விளம்பரத்துக்குப் பத்திரிகைகளுக்கு ஓயாமல் பணம் போய்க்கொண்டிருக்கும். சொந்தமாக ஒரு பத்திரிகை இருந்தால் அந்தச் செலவு மூலதனமாகிவிடும். ஆனால் நாகேஸ்வர ராவ் விஷயத்தில் இந்தக் கணக்கு மட்டும் போதாது. விளம்பரத்துக்காகப் பத்திரிகை நடத்துகிறவர் இலக்கிய மாத இதழ் நடத்தமாட்டார், சிறைக்குப் போகமாட்டார்.

1936-இல் அமிர்தாஞ்சன் பொது நிறுவனமாக மாறியது. 1938 ஏப்ரலில் அவர் காலமானார். மருமகன் சிவலெங்க சம்பு பிரசாத் நிறுவனத்தையும் பத்திரிகையையும் சேர்த்தே ஏற்று நடத்தினார். ஆந்திரப் பத்திரிகை 1991-இல் நின்றுபோனது, தைலம் இன்னும் விற்கிறது. எழுத்தை நேசிக்கும் எனக்கு இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்கக்கூடாதா என்று தோன்றும்.

இனி, இன்று ஒருவர் இந்த வழியில் இறங்க முடியுமா என்ற பகுதிக்கு வருகிறேன். முடியும், ஆனால் 1893-இல் இருந்த சுதந்திரம் இன்று இல்லை, இல்லாதிருப்பதே நல்லது. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம் 1940-இல் வந்தது. 1964 திருத்தத்தில் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளுக்கு அதில் தனி அத்தியாயம் சேர்ந்தது. மாநில உரிமம் இல்லாமல் விற்பனைக்கு மருந்து தயாரிப்பது குற்றம். சட்டத்தின் அட்டவணையிலுள்ள பழைய நூல்களில் சொன்னபடியே செய்வது ஒரு வகை, அந்த நூல்களிலுள்ள சரக்குகளைக் கொண்டு உங்கள் சொந்த அளவில் செய்வது இன்னொரு வகை. தயாரிப்பு தகுதி பெற்றவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும். வைத்தியம் தெரியாத வணிகர் வைத்தியம் தெரிந்தவரைப் பங்காளியாகவோ பணியாளராகவோ வைத்துக்கொண்டுதான் தொடங்க முடியும். அவருடைய சொல்லுக்கு உங்கள் நிறுவனத்தில் எவ்வளவு மதிப்பு இருக்கும் என்பதை முதல் நாளே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில்தான் பலர் விழுகிறார்கள். 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரத் தடைச் சட்டத்தில் 54 நோய்களும் நிலைகளும் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. நீரிழிவு, புற்றுநோய், வலிப்பு, உடல் பருமன், உயரம் கூட்டுதல் எல்லாம் அதில் உண்டு. இவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யவே கூடாது, மருந்து உண்மையில் வேலை செய்கிறதா என்ற வாதத்துக்கே இடமில்லை. உள்ளே சாப்பிடும் மூலிகை மருந்து என்றால் கன உலோகச் சோதனை அவசியம்: பத்து லட்சம் பங்கில் ஈயம் 10, ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்ற வரம்பைத் தாண்டக் கூடாது. மூலிகை விளைந்த மண்ணும் பாய்ந்த நீரும் கெட்டிருந்தால் தயாரிப்பவரின் எந்தக் கைபாகமும், அதாவது கைத்திறனும், இதைச் சரிசெய்யாது. அதனால் சரக்கு வாங்கும் இடத்தையே முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு மாதிரியை எடுத்து வைத்து, எங்கிருந்து எப்போது வந்தது என்று எழுதி வைப்பதை ஒரு நாளும் விடாதீர்கள்.

என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரே ஒரு பொருளோடு தொடங்குங்கள், அது வெளியே தடவும் பொருளாக இருக்கட்டும், வாங்குபவர் அன்றைக்கே பலனைச் சொல்லிவிடக்கூடிய உபாதைக்காக இருக்கட்டும். முதல் தயாரிப்பை விற்காமல் ஒரு முழுக் கோடை வைத்திருங்கள். பங்குனி முதல் ஆனி வரை சாதாரண அறையிலும் வெயில் படும் கிடங்கிலும் சில சீசாக்களை வைத்து, நிறம், மணம், இளக்கம் மூன்றையும் மாதாமாதம் குறித்துவாருங்கள். இதோடு அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்தின் சோதனை முடிவும் கையில் இருந்தால்தான் காலாவதித் தேதியை நேர்மையாக அச்சிட முடியும். அது வரும்வரை சீட்டை அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.